பழைய டீசல் காரும் ஏ9 றோட்டும்: அந்தக் கதை பிழை

ஒரு தம்பி எழுதியிருக்கிறார், பழைய பென்ஸ் 200டி மாதிரி டீசல் காரை கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 றோட்டில மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல ஓடக்கூடாதாம், பெடலை அடிமட்டும் மிதிச்சா எஞ்சின் வெடிச்சிடுமாம். அப்பிடி இல்லை தம்பி. எஞ்சினுக்கு டீசல் அனுப்புற பம்புக்குள்ள கவர்னர் எண்டு ஒண்டு கிடக்கு, எஞ்சின் சுத்துற வேகம் எல்லையைத் தாண்டப் போனா அதுவே டீசலைக் குறைச்சுப்போடும், நீங்கள் எவ்வளவு மிதிச்சாலும் சரி. பிழையா கியரைக் கீழ இறக்கினாத்தான் அந்த எல்லையை மீறும். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் ஒரு கண் பாத்துக்கொள்ளுங்கோ.

பிறகு வேகம். டபிள்யூ123 எண்ட பென்ஸ் மொடல் 200டி மணிக்கு 130 கிலோமீற்றர் வரைக்கும் போகும், இங்க இலங்கையில ஊர்மனைக்கு வெளியில காருக்குச் சட்டம் 70தான், அப்ப ஓமந்தையில இருந்து பரந்தன் மட்டும் அதுக்கு என்ன கஷ்டம்? ஆனா இழுவை இல்லை, 100ஐத் தொட அரை நிமிசம் கிட்ட எடுக்கும், அதால உள் றோட்டில இருந்து ஏறேக்கையும் பஸ்ஸை முந்தேக்கையும்தான் பயப்பிடோணும், மாங்குளம் பக்கம் ஹயஸ் வான்காரர் பின்னால வந்து லைட் அடிச்சா இடப்பக்கம் ஒதுங்கி விடுங்கோ, ரோசம் வேண்டாம்.

"வன்னியில அந்தநாள் கார் மண்ணெண்ணெயில ஓடினதுதானே, இந்த டீசல் காருக்கும் விடலாம்" எண்டு சொல்லுறதும் ஆபத்தான கதை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்க ஓடினது மொறிஸ் மைனர் மாதிரி பெற்றோல் கார், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. டீசல் பம்புக்குள்ள உரசுற பாகங்களுக்கு வழவழப்பே அந்த டீசல்தான், தனி மண்ணெண்ணெய் விட்டா பம்ப் தேஞ்சு போகும், பிறகு அந்தப் பம்புக்கு சாமான் தேடி கொழும்பெல்லாம் அலையோணும்.