பூனைக்குப் பாலிஷ் போட்ட புண்ணியவான்களுக்கு

இரண்டு நாளாக டைம்லைன் முழுக்க, 1920-களின் மௌனக் கார்ட்டூன் ஃபீலிக்ஸ் பூனையை யாரோ ஏஐ வைத்துப் ‘புதுப்பித்த’ அந்த வீடியோதான். ‘4கே, 60 ஃபிரேம், முழு வண்ணம்’ என்று தலைப்பு, கீழே வரிசையாக இதயங்கள். ‘இதைக் கெடுத்துவிட்டீர்களே’ என்று ஒரு வரி எழுதினேன். ‘பெரியவருக்குப் புதுசா எது வந்தாலும் பிடிக்காது’ என்று பதில் வந்தது. சரி, பெரியவர் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுகிறேன்.

கார்ட்டூனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருப்பது யாரோ நிரப்ப மறந்த ஓட்டை இல்லை. வரைந்தவன் வேண்டாம் என்று விட்ட இடம் அது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம், ஓடுவதை 60 ஆக்கினால் குறைந்தது 36 படம் கணினியின் ஊகம். அந்த 24-கூட முழுக்கத் தனித்தனி ஓவியம் இல்லை. ஒரே ஓவியத்தை இரண்டு தடவை படமெடுப்பது அன்றைக்குச் சாதாரணம். இப்போது ஃபீலிக்ஸ் தன் வாலைக் கழற்றிக் கைத்தடியாக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு படத்தில் வால் பின்னால், அடுத்ததில் கையில். சிரிப்பே அந்தத் தாவலில்தான் இருக்கிறது. மென்பொருளுக்கு நகைச்சுவை தெரியாது, கறுப்பாக ஏதோ இங்கிருந்து அங்கே போனதென்று மட்டும் தெரியும். நடுவில் தார் பூசினாற்போல் இழுத்து விட்டிருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், இடுப்பிலிருந்து கைவரை கறுப்புச் சளி வழிகிறது. இதுதான் ‘ஸ்மூத்’தாம்.

‘அப்படியானால் கீறல், தூசியைக்கூட எடுக்கக் கூடாதா?’ நியாயமான கேள்வி. எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கீறல் புரொஜெக்டர் போட்டது, கோட்டின் நடுக்கம் வரைந்த கை போட்டது. இரண்டும் வேறு. அடுத்து இவர்கள் கை வைக்கப்போவது ‘கெர்ட்டி’ படத்திலாம், அறிவிப்பு வந்துவிட்டது. 1914-இல் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே எடுத்த அந்த டைனோசர் படத்துக்குச் சுமார் 10,000 ஓவியங்கள். கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் உருவத்தை மட்டும் வரைந்து பின்னணி மேல் வைத்து எடுக்கும் முறை அப்போது பரவவில்லை. அதனால் ஒவ்வொரு மெல்லிய தாளிலும் பாறை, ஏரி, மரம் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற உதவியாளர். கோடு முடியளவு விலகினாலும் திரையில் பாறை அதிரும். ‘நாய்ஸ் குறைப்பு’ என்ற மென்பொருள் சுத்திகரிப்பு அந்த அதிர்வைத்தான் அழுக்கு என்று துடைக்கும். பாறை அசைவில்லாத காகித அட்டையாகிவிடும்.

வண்ணமா? ஃபீலிக்ஸ் உடம்பை முழுக் கறுப்பாக நிரப்பியதே உள்கோடுகளின் வேலையை மிச்சப்படுத்தத்தான். அந்தக் கறுப்பில் இரண்டு வெள்ளைக் கண். அதில் மஞ்சளைத் தடவினால் பார்வை எந்தப் பக்கம் போகிறதென்று தெரிவதில்லை. ‘மெக்கேயே 1911-இல் தன் படத்துக்கு வண்ணம் பூசினாரே’ என்று ஒருவர் மடக்கினார். பூசினார் ஐயா, ஃபிலிம் சுருளில், ஃபிரேம் ஃபிரேமாக, கையால்.

குறையே இல்லை என்று நான் சொன்னேனா? அந்தப் படங்களில் குறை எக்கச்சக்கம். பேச்சு வந்தால் தலைக்கு மேல் பலூன் முளைக்கும், நாம் வாசித்து முடிக்கும்வரை பாத்திரம் சிலையாக நிற்கும். ஓட்டம் என்றால் அதே சில ஓவியங்கள் சுற்றிச் சுற்றி வரும், பின்னால் அதே வீடு திரும்பத் திரும்பக் கடக்கும். உடம்புக்கு எடையே இருக்காது. 1920-களின் நடுவில் ஃபீலிக்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு படமாக வந்தது, கதைக்கு எங்கே நேரம்? கறுப்பின மக்களை வரைந்த விதம் அசிங்கம், அதற்குச் சால்ஜாப்பு கிடையாது. இதில் எந்தக் குறையையாவது 60 ஃபிரேம் தீர்க்கிறதா? குறையெல்லாம் அப்படியே இருக்கிறது, அழகு மட்டும் போய்விட்டது.

உண்மையாகவே சரி செய்ய வேண்டுமென்றால் முதலில் வேகத்தைப் பாருங்கள். 1910-களின் படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 16 ஃபிரேமை ஒட்டி ஓடியவை. 20-களில் வேகம் ஏறியது, அதுவும் தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். 16-இல் பத்து நிமிடம் ஓடியதை இன்றைய 24-இல் ஓட்டினால் 6 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். ‘பழைய படம்னா எல்லாம் வெடுக் வெடுக்குன்னு ஓடுமே’ என்ற கேலி பாதி இதனால்தான். யூடியூபில் வேகத்தை 0.75 வையுங்கள், 24 என்பது 18 ஆகும். நடுவில் வரும் வசன எழுத்து அட்டையை அவசரமில்லாமல் வாசிக்க முடிந்தால் அநேகமாகச் சரி. அடுத்து இடது ஓரம். பேசும்படத்தில் ஒலித்தடத்துக்காக விட்ட பட்டை அது, மௌனப்படத்தில் அங்கேயும் ஓவியம் இருக்கும். அலட்சியமாக நகலெடுத்த பிரதிகளில் அது வெட்டுப்பட்டுப் போகும். அந்த வீடியோவிலும் பூனையின் கை பாதி காணோம். 4கே-யில் காணோம்.

‘பிள்ளைகள் பார்க்கட்டுமே, உங்களுக்கு என்ன போச்சு?’ எனக்கு ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் ஆட்டோ மெஸ்மருக்கு. நியூயார்க்கில் அந்தப் பூனையை வரைந்து, கதை யோசித்து, அசைத்தவர் அவர். திரையில் வந்தது ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவன் பெயர். 1933-இல் சல்லிவன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மெஸ்மர் பெயர் வெளியே பரவியது. பூனையைப் படைத்தவர் சல்லிவன்தான் என்று அவர் பிறந்த ஆஸ்திரேலியாவில் இன்னும் வாதாடுகிறார்கள். இப்போது வீடியோ போட்ட பக்கத்தை நடத்துபவர்கள் தங்கள் லோகோவை மூலையில் ஒட்டியிருக்கிறார்கள், வீடியோ முடியும்வரை அது நகரவே இல்லை. விளக்கத்தில் மெஸ்மர் பெயர் கிடையாது. கேட்டதற்கு, ‘ஏஐ செஞ்சதுக்கு யார் பேரைப் போடறது சார்?’

மெஸ்மர். ஆட்டோ மெஸ்மர். எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.