லாடம் கட்டும் வேலையையும் சொல்லியிருக்கலாம்

குதிரையை வைத்துச் செய்யும் தொழில்களைப் பற்றி வந்த கட்டுரை சவாரிப் பள்ளி, பந்தயம், இனப்பெருக்கம் ஆகிய மூன்றோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம். மூன்றுக்கும் பெரிய முதலீடு வேண்டும். இனப்பெருக்கம் என்றால் சினைக்காலமே சுமார் 11 மாதம். அப்புறம் குட்டி வளர்ந்து சவாரிக்குப் பழக இன்னும் 3, 4 வருடம். அதுவரை வரவு கிடையாது, தீனிச் செலவு மட்டும் தினமும் உண்டு.

கையில் பணமில்லாமல் ஆர்வம் மட்டும் உள்ளவர்கள் லாடம் கட்டக் கற்றுக்கொள்ளலாம். குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். குதிரை ஓடினாலும் சும்மா நின்றாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டுபவர் அதைச் சீவியாக வேண்டும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடுப்பு ஒடிகிற வேலை. குதிரையின் காலை நம் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே ஆணி அடிக்க வேண்டும். ஆணி குளம்பின் வெளி ஓட்டில்தான் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே விலகினாலும் உயிர்ச்சதையில் பட்டுக் குதிரை நொண்டும். தேர்ந்த ஒருவரிடம் சில வருடம் கூடவே இருந்தால்தான் இது கைவரும்.

லாயம் வைக்க நினைப்பவர்களும் முதலில் வேறொரு லாயத்தில் குதிரைச் சாணம் அள்ளி, தீனி போட்டுப் பழகட்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகலாம். அது தரையைக் காலால் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.