சன்ஸ்கிரீன் பயமும் பட்டாணி அளவும்

"சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலக்குது, கேன்சர் வரும், பேசாம தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்று ஒரு செய்தி திரும்பத் திரும்ப ஃபார்வர்டாகி வருகிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மக்கள் நம்புகிறார்கள்.

ரத்தத்தில் கலப்பது உண்மை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், உடம்பின் முக்கால் பங்குக்கு ஒரு நாளில் 4 முறை என்று 4 நாட்கள் தடவச் சொன்னார்கள். ஆக்சிபென்சோன், அவோபென்சோன் போன்ற வெயிலைத் தடுக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. ஆனால் அது ஆபத்து தொடங்கும் கோடு இல்லை. அதைத் தாண்டினால் கூடுதலாகச் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். ஆய்வு செய்தவர்களே சன்ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லவில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லையா? ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு உள்ளதை வாங்குங்கள். போதுமான பாதுகாப்புத் தரவு இருப்பதாக எஃப்டிஏ அதே ஆண்டு சொன்னது இந்த இரண்டைத்தான். முகத்தில் கொஞ்சம் வெள்ளை படியும். எண்ணெய் மட்டும் வேண்டாம். அது வெயிலைத் தடுப்பது மிகக் குறைவு.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2021-ல் சில ஸ்பிரே சன்ஸ்கிரீன்களில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருப்பது தெரிந்து திரும்பப் பெற்றார்கள். பென்சீன் சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் பொருளே இல்லை, வந்து சேர்ந்த மாசு. 2025-ல் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16-ல் லேபிளில் போட்டிருந்த எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற எண்) இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கேள்வி கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, நல்ல சன்ஸ்கிரீனே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படித் தடவுகிறோம்? பட்டாணி அளவு எடுத்து, நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் இரண்டு, மூக்கில் ஒன்று, தேய்த்தால் முடிந்தது. காதும் கழுத்தும் கணக்கிலேயே வராது. எஸ்பிஎஃப்-ஐ ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவுகிறார்கள். முகத்துக்கு மட்டும் அது கிட்டத்தட்ட ஒரு கிராம், அதாவது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் வரும் அளவு. 50 கிராம் டியூபை தினமும் ஒரு முறை முகத்துக்குத் தடவினாலே ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். அரை வருஷம் வருகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது டியூபில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் இல்லை. பயத்தால் தொட்டுத் தொட்டுத் தடவுகிறவர்களுக்கும் இதே கதிதான். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத யுவிபி கதிரை (தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்) தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, 30-ஐ தாராளமாகத் தடவுவது மேல். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் தடவ வேண்டும்.

ஒழுங்காகப் பயன்படுத்தினால் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600-க்கும் அதிகமானோரை வைத்துப் பார்த்தார்கள். தினமும் தடவச் சொன்ன குழுவில், ஒருவகைத் தோல் புற்றுநோய் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது.

ஆனால் வெள்ளைத் தோல்காரர்களிடம் கிடைத்த அந்தக் கணக்கைக் கருத்த தோலுக்கு அப்படியே ஒட்டவைத்துப் பயமுறுத்துவது நேர்மையில்லை. கருநிறம் தரும் மெலனின் அதிகமுள்ள தோலில் வெயிலால் வரும் புற்றுநோய் மிகக் குறைவு. நமக்குத் தொல்லை மங்கு (முகத்தில் திட்டுத்திட்டாகப் படரும் கருமை), கரும்புள்ளி இரண்டும்தான். மங்குக்கு யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் காரணம். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். மங்குக்கு மாதக்கணக்கில் மருந்து போட்டும் குறையவில்லை என்கிறவர்கள் தங்கள் டியூபைத் திருப்பி இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது எதுவும் வேண்டாம். நிழலில் வையுங்கள், முழுக்கை சட்டையும் தொப்பியும் போடுங்கள்.