அடுத்த பெருந்தொற்றுக்கு முன் நம் கடற்கரை ஊர்கள் போட்டு வைக்க வேண்டிய பட்டியல்

ராமநாதபுரம் கடற்கரையில் பள்ளிக்கூடம் பூட்டினால் ஒரு பிள்ளை இழப்பது பாடத்தை மட்டுமா? மதியச் சோறும் முட்டையும் போகும். அங்கன்வாடியில் எடை பார்ப்பது நிற்கும். "இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறாங்களாமே" என்று காதில் வாங்கித் தடுக்கிற டீச்சரும் தூரமாகிவிடுவார். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு அதை மே 31-உடன் முடித்தார்கள் என்றாலும், பாம்பன் முதல் தொண்டி வரை விசைப்படகுக் கூலியை நம்பிய வீடுகளில் வருமானமும் பள்ளிச் சாப்பாடும் ஒரே நேரத்தில் நின்றன.

அப்படியொரு நேரத்தில் உதவி செய்ய வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது. எந்த வீட்டுக்குப் போவது என்பதுதான் தெரியாது. வண்டி போகிற ரோட்டோரத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு பை கிடைக்கும், மணலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசைக்கு ஒன்றும் போகாது. அதனால்தான் சொல்கிறேன்: நோய் இல்லாத இந்த நாளிலேயே ஊர்வாரியாகப் பிள்ளைகளின் பட்டியல் வேண்டும்.

யார் போடுவது? ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. பல ஊர்களில் அது காகிதத்தோடு சரி. அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவில் ஒருவர், படகுச் சங்கத்தில் ஒருவர் என நாலு பேர் உட்கார்ந்தால் போதும். ரேஷன் கார்டை மட்டும் வைத்துப் போட்டால் தப்பாகிவிடும். மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள், முகாம் பதிவேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்பா வளைகுடாவில், அம்மா படுக்கையில் என்றிருக்கிற வீடு கார்டில் நல்ல வீடாகத்தான் தெரியும். அப்பா கடலில் காணாமல் போனவர், இலங்கைச் சிறையில் இருப்பவர், ஆயாவோடு மட்டும் வளர்கிற பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பாசி எடுக்கப் போகிற அம்மாவின் கைக்குழந்தை, இவர்களை எல்லாம் வீடு வீடாகப் போனால்தான் பிடிக்க முடியும். பெயர், பிறந்த தேதி, யார் வளர்க்கிறார், அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார், கடைசியாகப் போட்ட தடுப்பூசி, வீட்டில் போன் உண்டா, இத்தனையும் இருக்கட்டும். 'அடுத்து யார்' என்ற அந்த ஒரு கட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் வார்டுக்குப் போனால், அன்றைக்கு ராத்திரி பிள்ளை யார் வீட்டில் படுக்கும் என்பதற்கு அதுதான் பதில்.

சாப்பாட்டு விஷயத்தில் நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு பால்பவுடர் டப்பா. நம் பக்கம் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று பவுடரைக் குறைத்துத் தண்ணியாகக் கலக்குவார்கள், பாட்டிலைக் கொதிக்க வைக்கவும் தண்ணீர் இருக்காது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். 1992-ம் ஆண்டுச் சட்டமும் இப்படி டப்பாக்களை இலவசமாக வீடுகளில் கொடுக்கத் தடை போடுகிறது. கொரோனா வந்த தாயும் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. கொடுக்க வேண்டியது தாய்க்கு: முட்டை, பருப்பு, எண்ணெய், நிலக்கடலை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு எடைக்கருவி இல்லாமலே கைச்சுற்றளவு நாடாவால் பார்க்கலாம். இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சதை அமுங்காமல் சுற்ற வேண்டும். 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் அங்கன்வாடிக்குச் சொல்லுங்கள். 11.5-க்குக் குறைந்தாலோ இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனை. நாடாவைத் தாயிடமே கொடுத்துப் பழக்கிவிட்டால் ஊரடங்கிலும் வேலை நடக்கும். வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பாக்கெட் கிடைக்கவில்லை என்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உவர்த் தண்ணீரில் கலக்காதீர்கள், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பணம் அறிவிப்பது ஒன்று, அது கைக்கு வருவது இன்னொன்று. 2021-ல் தமிழக அரசு, இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம் என அறிவித்தது. ஒன்றிய அரசின் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம். இதிலெல்லாம் தடுக்குவது காகிதத்தில்தான். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகாது. அதனால் பரிசோதனை முடிவுத் தாளைத் தூக்கி எறியக் கூடாது. பாசிட்டிவ் வந்த 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா இறப்பாகவே எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் அப்பா பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஒன்றை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். "தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகள், தத்தெடுக்க அழைக்கவும்" என்று போன் நம்பரோடு வருகிற செய்தியை யாரும் பகிர வேண்டாம். அது பிள்ளை விற்கிறவனுக்கு வழி திறக்கிறது. 1098-க்குச் சொல்லுங்கள், குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். நிவாரணப் பையோடு பிள்ளையின் முகத்தைப் படம் போடுவதும் வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் குற்றம். ஆயாவோ சித்தியோ வளர்க்க முடிந்தால் விடுதியில் சேர்க்கிற பேச்சே எடுக்காதீர்கள், விடுதிக்கு ஆகும் செலவை அந்த வீட்டுக்கு மாதாமாதம் கொடுங்கள்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமில்லை. எபோலா வந்தபோது சியரா லியோனில் பள்ளிகள் 2015 ஏப்ரல் வரை மூடியிருந்தன. அந்த இடைவெளியில் கர்ப்பமான சிறுமிகளை, திறந்த பிறகு பள்ளிக்கே வரக் கூடாதென்று அரசு தடுத்தது. 2020 மார்ச்சில்தான் அந்தத் தடை நீங்கியது. நோயில் தப்பிய பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள்.

இங்கே 1 முதல் 8 வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. இத்தனை நாள் மூடிக் கிடந்தால் பையன் கடலுக்குப் போகப் பழகிவிடுவான், கையில் காசு பார்த்துவிடுவான். முதல் நாள் வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள், அன்றைக்கு எல்லாரும் வருவார்கள். பத்தாவது நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு, வராத ஒவ்வொரு பெயருக்கும் வீட்டுக்குப் போங்கள். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பையன் என்றால் விடியற்காலையில் மீன் இறங்குதளத்துக்குப் போங்கள். 18 வயது ஆகாதவனைப் படகில் ஏற்ற மாட்டோம் என்று படகுச் சங்கத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தால், அங்கே பேசுவது சுலபம்.