ஒரு பேய்கூட நிஜமில்லை

ஸ்கூபி டூ என்ற நாயும் நான்கு இளைஞர்களும் பேய்களைத் துரத்தித் துப்பறியும் அமெரிக்கக் கார்ட்டூனின் முதல் தொடரை டிவிடியில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். 1969இலும் 1970இலும் வந்த 25 கதைகள். சின்ன வயதில் கேபிளில் துண்டு துண்டாகப் பார்த்தது. எங்கள் நீலகிரிப் பந்தலூர் மழையில் கரன்ட் போனால் பாதிக் கதையோடு சரி, யார் திருடன் என்று தெரியாமலே தூங்கப் போவோம்.

இப்போது முழுசாகப் பார்த்தபின் உறுதியாகச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல துப்பறியும் கார்ட்டூன் கிடையாது. ஏனென்றால் இதில் ஒரு பேய்கூட நிஜப் பேய் இல்லை.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடி தேவாலா, பந்தலூர் மலைகளைக் குடைந்தன. போட்ட பணம் தேறாமல் சில வருடங்களில் மூட்டை கட்டின. குழிகள் மட்டும் புதருக்குள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் துரை பேய் பிடிக்கும் என்று லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப்) பெரியவர்கள் மிரட்டுவார்கள். அங்கே மண் சரிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதனால் போகாதே என்று சொல்லியிருக்கலாம். உண்மையான பயமே போதுமானதாக இருந்தது.

முதல் சீசனில் ஒரு கதை அப்படியே எங்கள் ஊர். பாழடைந்த தங்கச் சுரங்க ஊர், அதில் ஒரு கிழட்டுச் சுரங்கக்காரனின் ஆவி. முகமூடியைக் கழற்றினால் அங்கேயே வேலை பார்க்கும் ஹாங்க். நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருப்பது அவனுக்குத் தெரியும். எல்லோரையும் விரட்டினால் இடம் தன் கைக்கு வரும் என்பது கணக்கு. முதல் கதையிலும் இதே சங்கதிதான்: கருப்புக் கவச வீரனாக நடமாடியது மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் விக்கிள்ஸ். ஓவியங்களுக்குப் பதில் போலிகளை மாட்டிக்கொண்டிருந்தார். பயம் காட்டுகிறவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்கப் பழக்குகிறது இந்தத் தொடர். அதுவும் மரியாதையான பெரிய மனிதர்களைப் பார்த்துக் கேட்க!

அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பாதியிலேயே ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி, "சித்தப்பா, இந்த ஆள்தான். யாரும் கேக்காமலே இவர் எதுக்குப் பேய்க்கதை சொல்றார்?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அசைவுகள் சிக்கனம்தான். ஓடும்போது அதே சுவரும் அதே கதவும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஓவியர் வால்ட் பெரிகாய் பாணி அமைத்த பின்னணி ஓவியங்களை டிஸ்க்கில் நிறுத்திப் பாருங்கள். ஊதாவும் பச்சையுமாக இரவு, கோணலான மரங்கள், தூரிகைத் தடம்கூடத் தெரிகிறது. நாடுகாணிப் பக்கம் மாலையில் மூடுபனி இறங்கும்போது காடு இப்படித்தான் இருக்கும். நடுவே ஒலிக்கும் பதிவுச் சிரிப்பு மட்டும் தேவையே இல்லை.

பிறகு 1985 தொடரில் நிஜப் பேய்களைக் கொண்டுவந்தார்கள். 1998 படத்தில் நிஜமாகவே செத்தவர்கள் எழுந்து வந்தார்கள். அந்தப் படத்துக்கு ரசிகர்கள் அதிகம், தெரியும். என்னால் ஏற்க முடியவில்லை. பேய் நிஜமாகிவிட்டால் அங்கே துப்பறிய என்ன இருக்கிறது? துப்பறியும் கூட்டத்தில் அடிக்கடி கண்ணாடியைத் தொலைக்கும் வெல்மா அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எதைப் பார்க்க வேண்டும்?

பந்தலூர், கூடலூர் பக்கம் வீட்டில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறவர்கள் சொல்லுங்கள், டிஸ்க்குகளைத் தருகிறேன். சுரங்கக் கதையை முதலில் போடுங்கள். முகமூடி கழற்றுவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு, யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.