ஏலக்காய்க் கணக்கும் ஊதிப்போன ஃபைலும்

போடியிலிருந்து குமுளி வரைக்கும் ஏலக்காய் யாவாரக் கணக்கெல்லாம் எக்செல்லில்தான் ஓடுது. விலை, எடை, தரம்னு ஒரே ஒரு ஷீட். அதை வச்சு நாலஞ்சு பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டுற அட்டவணை), கூடவே சார்ட். அவ்வளவுதான், ஃபைல் ஊதிருது!

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல இணைக்க முடியாது. மலைமேல இருக்கிற ஆபீஸ்ல டவரும் சரியாக் கிடைக்காது. அவங்க எப்படி இறக்கிப் பார்ப்பாங்க?

விஷயம் என்னன்னா, பிவட் போட்டதும் மூலத் தரவு முழுசையும் எக்செல் இன்னொரு நகலா ஃபைலுக்குள்ளயே வச்சுக்குது. தரவு எடுக்கிற ரேஞ்சை லேசா மாத்திப் புதுசா இன்னொன்னு போட்டா, அதுக்குத் தனி நகல். இது வெளியே கண்ணுக்கே தெரியாது. பாவம், சார்ட்டைத்தான் எல்லாரும் திட்டுறாங்க.

இருக்கிற பிவட்டையே காப்பி பண்ணி ஒட்டினா ஒரே நகல் போதும். பிவட் ஆப்ஷன்ஸ்ல டேட்டா பக்கம் போய், மூலத் தரவையும் சேர்த்து சேமிக்கிற டிக்கை எடுத்துட்டு, திறக்கும்போது ரெஃப்ரெஷ் ஆகுற டிக்கைப் போடணும். எக்ஸ்எல்எஸ்பிங்கிற எக்செல்லோட பைனரி வடிவத்துல சேமிச்சாலும் ஃபைல் அளவு பெரும்பாலும் குறையும்.

மைக்ரோசாஃப்ட்காரங்களே, இத்தனை பேர் அவதிப்படுறோம். தரவு அதே ஃபைல்லயே இருக்கும்போது அந்த முதல் டிக்கை எதுக்குய்யா தானாவே போட்டு வைக்கிறீங்க?