நான்காவது தொப்பி வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திருநெல்வேலி, தாமிரபரணிக் கரை. கையில் உறை, தலையில் தொப்பி, குப்பை அள்ள ஆளுக்கொரு சாக்கு. எட்டரைக்குப் புகைப்படம், அப்புறம் பொங்கல், வடை. இப்படி மூன்று முறை போய்வந்துவிட்டேன், வீட்டில் மூன்று தொப்பிகள் கிடக்கின்றன. ஆற்றை என்ன செய்யலாம் என்று கேட்பதற்காக மட்டும் இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

குப்பை அள்ளுவதற்குத்தான் 'மக்கள் பங்களிப்பு' என்று பெயர். எந்தத் துறையில் படிக்கட்டு வரும், எங்கே சுவர் எழும்பும், ஆற்றில் விழும் சாக்கடை எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் டெண்டர் முடிந்து பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

இந்தப் புத்தி பழையது. குடிமராமத்து, அதாவது ஏரி, வாய்க்காலை ஊரார் சேர்ந்து செப்பனிடும் வழக்கம், நடந்த காலத்தில் வீட்டுக்கு எத்தனை ஆள், எந்த மடையில் வேலை என்பதையும் ஊரே பேசி முடிவு செய்தது. (நிலம் வைத்திருந்தவன் பேச்சுதான் அங்கே எடுபட்டது, அதையும் மறைக்க வேண்டாம்.) ஆனால் வெள்ளைக்காரன் 1858இல் சட்டம் போட்டபோது அதில் உழைப்பைத்தான் பிடித்துக்கொண்டான்: வழக்கப்படி வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பில் இரு மடங்கு கட்ட வேண்டும். நமக்கு அபராதத்துக்குப் பதிலாக வடை.

கேட்பதற்கு இடமா இல்லை? கிராம சபை கூடும் நாள்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. நகரங்களில் பகுதி சபை அமைக்க 2022இல் விதிகள் வந்துவிட்டன. டெண்டருக்கு முன்பே வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்ணோடு அங்கே விரித்து வைக்கலாம்.

சண்டை வரும். வரட்டுமே. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறவர்களும் மக்கள்தான். மேலே நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் கடைமடையில் வாழையோடு காத்திருப்பவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குள் முடியாது. கூட்டம் போடத் தயங்குவதே இதற்காகத்தான் என்பது என் சந்தேகம்.

ஆனால் குறுக்குத்துறையைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோவில். வெள்ளம் ஏறுகிறது என்றால் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் எந்தப் படியைத் தொட்டால் கிளம்ப வேண்டும் என்று தெரிந்த ஆள்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். சுவர் கட்டும் உயரத்தை அவர்களிடம் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

அடுத்த ஞாயிற்றுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போகத்தான் போகிறேன். தொப்பியை நீட்டும்போது, வரைபடம் எங்கே என்று கேட்பேன்.